கனக்கிற ஸ்டீரிங்கும் டிராக்டர் சிலிண்டரும்: வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஸ்டீரிங் பற்றியே இருந்ததால் இந்த மாதப் பக்கத்தை முழுசாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கேள்விக்கான பதில் நீளம். அரைகுறையாகச் செய்தால் ஆளையே கொண்டுபோய்விடும் வேலை இது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: அண்ணே, நான் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரன். மழை குறைந்த நாட்களில் லாசா வழியாக போஸ் குவாலா மு வரைக்கும் பூர்வக்குடி மக்களின் கடைகளுக்குச் சாமான் கொண்டு போவேன். காடி பழைய ஹைலக்ஸ், எல்என்106, 2.8 டீசல், முன்னால் லீஃப் ஸ்பிரிங். பவர் ஸ்டீரிங் உண்டு. ஆனால் 35 இஞ்சு மட் டயர் போட்டதிலிருந்து சகதித் தடத்தில் இறங்கிவிட்டால் இரண்டு கையாலும் இழுத்தாலும் திரும்ப மாட்டேன் என்கிறது. வெளிநாட்டு ஹைட்ராலிக் அசிஸ்ட் செட் வாங்கினால் பல ஆயிரம் வெள்ளி ஆகும். டவுனில் டிராக்டர் வேலை பார்க்கும் போமன் பழைய டிராக்டர் சிலிண்டரை வைத்தே செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா? எதில் மிச்சம் பிடிக்கலாம்? (மு.க., சுங்கை சிப்புட்)

பதில்: செய்யலாம் தம்பி. சிலிண்டரில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பம்ப், ஹோஸ், வெல்டிங், டை ராட் (முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பி) இந்த நாலில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆனால் போமனிடம் போவதற்கு முன்னால் காடியை ஜாக்கில் தூக்கி வைத்து ஒரு வேலை செய்யுங்கள். முன் சக்கரம் இரண்டும் தரையைத் தொடாமல் இருக்க, இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். நடுவில் எங்கேயாவது இறுகிப் பிடித்தாலோ கரகரவென்று சத்தம் கேட்டாலோ, நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) பேரிங்கில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆற்றைக் கடந்து போகிற காடிகளுக்கு இது சாதாரணம். அந்தப் பேரிங்கை மாற்றி, பம்ப் பெல்ட்டை இறுக்கி, எண்ணெயை மாற்றினாலே பாதிக் கனம் குறைந்துவிடும் காடிகள் நிறைய உண்டு. சேசிஸில் ஸ்டீரிங் பெட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சுத்தமாகக் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை மாதிரி வெடிப்பு கிளம்பியிருக்கலாம். பெரிய டயர் போட்ட பழைய டொயோட்டாக்களில் அடிக்கடி வரும் நோய் இது. வெடிப்பு இருந்தால் முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனக்கிறது என்றால் அசிஸ்ட் போடுவதில் நியாயம் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் போமன் செய்வது சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஸ்டீரிங் பெட்டிக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் எண்ணெய் அறை. நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது மேலே இருக்கும் வால்வ் ஏதாவது ஓர் அறைக்கு அழுத்தத்தை அனுப்புகிறது, மறு அறையின் எண்ணெய் ரிட்டர்ன் வழியாகத் தொட்டிக்குப் போகிறது. அசிஸ்ட் என்பது இந்த இரண்டு அறைகளிலும் ஆளுக்கொரு ஓட்டை போட்டு, அதிலிருந்து இரண்டு ஹோஸ் இழுத்து, டை ராடைத் தள்ளும் சிலிண்டரோடு இணைப்பதுதான். பெட்டிக்குள் எந்த அழுத்தம் போகிறதோ அதே அழுத்தம் சிலிண்டருக்கும் போகும், அதனால் தனி வால்வ் எதுவும் தேவையில்லை. ஸ்டீரிங் கம்பியிலிருந்து சக்கரம் வரைக்கும் இரும்புத் தொடர்பு அறுபடாமல் அப்படியே இருக்கும். ஹோஸ் வெடித்தாலும் கனமாகவாவது திருப்பி ஓரம் கட்டலாம்.

கை லேசாவதை மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. இப்போது உங்கள் காடியில் டயரைத் திருப்பும் மொத்த பலமும் பெட்டி வழியாகச் சேசிஸைத்தான் பிய்க்கிறது, மேலே சொன்ன வெடிப்பு அதனால் வருவதுதான். சிலிண்டரின் ஒரு முனையை ஆக்ஸில் வீட்டிலும் (ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) மறு முனையை டை ராடிலும் கட்டிவிட்டால் பலத்தில் பெரும்பகுதி ஆக்ஸிலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, பெட்டிக்கும் சேசிஸுக்கும் ஓய்வு. அதனால்தான் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன்: சிலிண்டரின் ஒரு முனையைச் சேசிஸில் கட்டித் தருகிறேன், வேலை சுலபம் என்று யாராவது சொன்னால் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். லீஃப் ஸ்பிரிங் மேலே கீழே ஆடும்போதெல்லாம் அந்தச் சிலிண்டர் சக்கரத்தைத் தானாகத் திருப்பும், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் ஸ்டீரிங் கையைப் பிடுங்கும்.

சரி, சிலிண்டருக்கு வருவோம். டிராக்டர் சிலிண்டர் கெட்ட யோசனை கிடையாது, ஆனால் பெரிய சிலிண்டர் என்றால் நல்ல சிலிண்டர் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டீரிங் பம்ப் 70 பார் அழுத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 1000 பிஎஸ்ஐ. உள்விட்டம் 40 மில்லிமீட்டர், தண்டு 20 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டர் தள்ளும்போது கிட்டத்தட்ட 900 கிலோ பலம் தரும், இழுக்கும்போது தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் 670 கிலோ. உங்கள் டயருக்கு இது போதும். போமன் கையில் 63 மில்லிமீட்டர் சிலிண்டர் இருக்கிறது, சும்மா கிடக்கிறது என்று அதை மாட்டினால் 2200 கிலோ தள்ளும், டை ராட் வில்லாக வளைந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் எண்ணெய். 40 மில்லிமீட்டர் சிலிண்டர் 20 சென்டிமீட்டர் நகர 250 சிசி எண்ணெய் வேண்டும், 63 மில்லிமீட்டருக்கு அதே தூரத்துக்கு 620 சிசிக்கு மேல். நிமிடத்துக்கு 8 லிட்டர் தள்ளும் பம்ப் ஒரு விநாடிக்கு 133 சிசிதான் தரும், அதிலும் பெட்டிக்குப் பங்கு போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய சிலிண்டரோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப ஐந்து விநாடியைத் தாண்டிவிடும். அவசரமாகத் திருப்பினால் எண்ணெய் வந்து சேர்வதற்குள் ஸ்டீரிங் சுவரில் மோதியது மாதிரி நின்றுவிடும். பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீளத்தை அளந்து வாங்குங்கள். டை ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, முழு இடமிருந்து முழு வலம் வரை அந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று டேப் வைத்துப் பாருங்கள், பெரும்பாலான காடிகளில் 6 முதல் 8 இஞ்சுக்குள் வரும். சிலிண்டரின் ஓட்டம் அதைவிட ஓர் இஞ்சாவது கூடுதலாக இருக்கட்டும். நக்கிளில் இருக்கும் ஸ்டாப் போல்ட்தான் முதலில் முட்ட வேண்டும், சிலிண்டர் ஒருபோதும் உள்ளே கடைசி வரைக்கும் போய் இடிக்கக் கூடாது. பழைய சிலிண்டர் வாங்கும்போது தண்டை முழுக்க வெளியே இழுத்துத் துணியால் துடைத்து நகத்தால் மேலிருந்து கீழே கீறிப் பாருங்கள். குரோம் உரிந்து நகம் தட்டினால் வேண்டாம், நீங்கள் போடும் புது சீலை அது ஒரே மாதத்தில் தின்றுவிடும்.

பம்ப்தான் இந்த வேலையின் இதயம். உங்கள் பம்ப் ஆரோக்கியமாக இருந்தால் 40 மில்லிமீட்டர் சிலிண்டரோடு முதலில் அதையே வைத்து ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளின் பாகம் விற்கும் கடை) மூன்று டன் லோரியின் பம்ப் தேடலாம், ஆனால் அது எந்தப் பக்கம் சுற்றும் பம்ப் என்று கேட்டு வாங்குங்கள், இந்த வகைப் பம்ப் ஒரு பக்கம் சுற்றினால்தான் எண்ணெய் தள்ளும். இன்னொரு மலிவான வழி பம்ப்பின் புல்லியைக் கொஞ்சம் சின்னதாக்குவது, ஐடிலில் பம்ப் வேகமாகச் சுற்றும். அளவோடு செய்ய வேண்டும், ஹைவேயில் இன்ஜின் உச்ச வேகத்தில் போகும்போது பம்ப் தாங்காமல் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடக் கூடாது. பம்ப்பின் உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வில் வாஷர் போட்டு அழுத்தத்தை ஏற்றும் தந்திரத்தைப் பட்டறைகளில் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்குக் குறைவாக இருப்பது எண்ணெய் ஓட்டம், அதை விட்டுவிட்டு அழுத்தத்தை ஏற்றினால் பெட்டி சீலும் பம்ப்பும்தான் போகும்.

பெட்டியில் ஓட்டை போடும் வேலையை மட்டும் காடியிலேயே வைத்துச் செய்ய விடாதீர்கள். பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனையும் சீலையும் வெளியே எடுத்த பிறகுதான் துளைக்க வேண்டும். பிஸ்டன் சீல் போய் வரும் பாதைக்குள் ஓட்டை விழுந்தால் சீல் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பில் உரசிக் கிழியும், அதனால் பிஸ்டன் கோடிக்குப் போனாலும் தொடாத இடமாகப் பார்த்து, சுவர் தடிமனாக இருக்கும் பகுதியில் துளைக்க வேண்டும். மரை வெட்டி முடித்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவி, உள்ளே வெள்ளைத் துணியை விட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணியில் மினுமினுவென்று ஒரு துகள் தெரிந்தாலும் இன்னொரு தடவை கழுவ வேண்டும். ஓர் இரும்புத் துகள் வால்வில் போய்ச் சிக்கினால் ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். இந்த வேலையில் பழக்கம் இல்லாத ஆளிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள், பவர் ஸ்டீரிங் பெட்டியை மட்டுமே பிரித்துச் சீல் மாற்றும் கடைகள் ஈப்போ பக்கம் இருக்கும், அங்கே கொடுத்து ஓட்டையும் போட்டு சீலும் மாற்றி வாங்கிவிடுங்கள். அந்தச் செலவு தப்பாது.

ஹோஸ் விஷயத்தில் தோட்டப்புற டவுனில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். டிராக்டருக்கும் எக்ஸ்கவேட்டருக்கும் ஹோஸ் அடித்துத் தரும் கடை எப்படியும் பக்கத்தில் இருக்கும், வெளிநாட்டுச் செட்டோடு வரும் ஹோஸைவிட அங்கே அடிப்பது மட்டம் கிடையாது. 3/8 இஞ்சில் ஒற்றைக் கம்பி வலை ஹோஸே 180 பார் தாங்கும், இரட்டைக் கம்பி 330 பார், உங்கள் பம்ப் தருவது அதில் பாதிகூட வராது. அழுத்தத்தால் இந்த ஹோஸ்கள் போவது அபூர்வம், உரசியும் மடங்கியும்தான் போகும். 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள், சக்கரம் முழுக்கத் திரும்பி, ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையில் வைத்து நீளம் எடுங்கள், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகவே விடாதீர்கள். மரையில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் ஹைட்ராலிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி, அமெரிக்கச் சாமானில் வருவது என்பிடி. கால் இஞ்சில் முதலாவதுக்கு இஞ்சுக்கு 19 மரை, இரண்டாவதுக்கு 18. கையால் திருகினால் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஸ்பேனர் போட்டு இறுக்கினால் நிற்கிற மாதிரியும் தெரியும். மலையேறும்போது கழன்று எண்ணெயைக் கொட்டும். பெட்டி, சிலிண்டர், ஹோஸ் மூன்றுக்கும் ஒரே வகை மரைதான் என்று தவுக்கேயிடம் சொல்லி வாங்குங்கள்.

கட்டும் வேலை. சிலிண்டர் டை ராடுக்கு எவ்வளவு இணையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, சாய்வு கூடக் கூடப் பலம் வீணாகும். இரண்டு முனையிலும் பந்து மூட்டு உள்ள ராட் எண்ட் போடுங்கள், டிராக்டர் சிலிண்டரோடு வரும் வெறும் பின் கண்ணி ஒரே திசையில்தான் அசையும், உங்கள் காடியில் அது தண்டை வளைத்துவிடும். ஒரிஜினல் டை ராட் மெலிந்த குழாய், அதன் நடுவில் சிலிண்டர் தள்ளினால் தாங்காது. ஒண்ணேகால் இஞ்சு விட்டம், கால் இஞ்சு சுவர் உள்ள தடித்த குழாயில் லேத் கடையில் புதிதாகக் கடைந்து, இரண்டு முனையிலும் மரை வெட்டிவிடுங்கள். அதில் சிலிண்டருக்கான பிடியை வெல்ட் செய்யாமல் கிளாம்ப்பாகக் கவ்வ வைப்பது என் விருப்பம். நக்கிள், ஸ்டீரிங் கை இவற்றில் வெல்டிங் தீயே படக் கூடாது. ஆக்ஸில் வீட்டில் வைக்கும் பிராக்கெட்டை மட்டும் வெல்ட் செய்யலாம், அதையும் ஒரே மூச்சில் இழுக்காமல் சின்னச் சின்னதாக, ஒரு பக்கம் போட்டு ஆறவிட்டு மறுபக்கம் என்று போட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்ஸில் குழாய் வளைந்து டயர் ஒரு பக்கமாகத் தேயும். எர்த் கிளிப்பை வெல்ட் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். வெல்டரிடம் பேரம் பேசாதீர்கள்.

முதல் தடவை இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முன் சக்கரம் தூக்கி ஸ்டாண்டில் இருக்க வேண்டும். இரண்டு ஹோஸும் இடம் மாறிப் போயிருந்தால் நீங்கள் இடது பக்கம் திருப்ப, சிலிண்டர் வலது பக்கம் தள்ளும், இரண்டும் மல்லுக்கட்டும். ஸ்டாண்டில் இருந்தால் ஹோஸை மாற்றிப் போட்டால் முடிந்தது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கும்போது ஹோஸைக் கையால் தடவவே தடவாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஒரு சின்னப் புள்ளி மாதிரிதான் இருக்கும், வலிகூடப் பெரிசாக இருக்காது, சில மணி நேரத்தில் கை வீங்கி விரலையே எடுக்கும் நிலைக்குப் போகும். ஒரு துண்டு அட்டைப் பெட்டியைப் பிடித்து ஹோஸ் நெடுக நகர்த்துங்கள், கசிவு இருந்தால் அட்டையில் கோடு விழும். மீறிக் கையில் பட்டுவிட்டால், காயம் சின்னது என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். டிராக்டர் ஓட்டும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. பலம் கூடியதும் சகதித் தடத்தில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் ஆசை வரும். உங்கள் காடியின் முன் ஆக்ஸிலுக்குள் இருக்கும், திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும் பிர்ஃபீல்டு ஜாயின்ட் அந்த நிலையில்தான் உடையும். முன்பெல்லாம் கை தாங்காது என்பதால் அது தப்பித்தது. கோடி வரை திருப்பினால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓட்டுங்கள், கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள், பம்ப் கொதித்துவிடும்.

கேள்வி: இப்படி ஸ்டீரிங்கை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்குமா? காடியை ரோட்டிலும் ஓட்டுகிறேன். (ச., லிந்தாங்)

பதில்: நம் நாட்டில் வாகன அமைப்புக்கு 1959ஆம் ஆண்டின் கட்டுமானம், பயன்பாட்டு விதிகளும் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கின்றன. ஸ்டீரிங் மாதிரியான முக்கிய பாகத்தை மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட வேண்டும் என்றால் முதலில் ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, பரிசோதனைக்குக் காட்டிவிட்டுச் செய்வதுதான் ஒழுங்கான வழி. வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் காடி வேறு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் காடி வேறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான். உங்கள் காடி வாரம் முழுக்க டவுன் ரோட்டில்தான் ஓடுகிறது என்றால், டயரை ஒரு சைஸ் குறைத்துப் பாருங்கள் என்பேன். எந்த அனுமதியும் கேட்காமல் ஸ்டீரிங் லேசாகிவிடும்.

கேள்வி: ஃபோர்க்லிஃப்டில் இருக்கிற மாதிரி ஸ்டீரிங் கம்பியே இல்லாமல் முழு ஹைட்ராலிக் செய்தால் இன்னும் லேசாக இருக்காதா? ஃபோர்க்லிஃப்டிலிருந்து கழற்றிய ஆர்பிட்ரால் வால்வ் (ஸ்டீரிங் வளையம் நேராகத் திருப்பும் எண்ணெய் வால்வ்) மலிவாகக் கிடைக்கிறது. (ர.ப., சுங்கை சிப்புட்)

பதில்: லேசாக இருக்கும். ரோட்டில் ஓட்டக் கூடாது. இரும்புத் தொடர்பு எதுவும் இல்லாததால் ஒரு ஹோஸ் பிய்ந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் வளையம், 90 கிலோமீட்டர் வேகத்தில் கூட்டரசுச் சாலையில் அது நடந்தால் எதிரில் வருகிறவருக்கும் சேர்த்து ஆபத்து. போதாததற்கு ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, சக்கரம் எங்கே பார்க்கிறது என்ற உணர்வும் கைக்கு வராது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டியில் மட்டும் இறக்கும் காடிகளுக்கு அது பொருந்தும். 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிகளைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள், அந்தக் காடிகள் எதற்காகக் கட்டப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் பழைய சுசுகி எஸ்ஜே410 இருக்கிறது. பவர் ஸ்டீரிங்கே இல்லை. நேராக சிலிண்டர் போடலாமா? (கு., குவாலா கங்சார்)

பதில்: முடியாது. சிலிண்டருக்கு எண்ணெய் அனுப்ப வால்வ் உள்ள பெட்டி வேண்டும், உங்களுடையதில் வெறும் பல்லும் குண்டும்தான். பவர் பெட்டி, பம்ப், புல்லி எல்லாம் மாற்றினால்தான் அடுத்த பேச்சு. அவ்வளவு சின்ன காடிக்கு அந்தச் செலவு எனக்குச் சரியாகப் படவில்லை. நக்கிள் பேரிங்குக்குக் கிரீஸ், டை ராட் எண்ட் புதிதாக, டயர் 29, 30 இஞ்சுக்குள், இதோடு நிறுத்தினால் கையாலேயே சுகமாக ஓட்டலாம்.

கேள்வி: 2005க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ் வீகோவில் இந்தச் சிலிண்டரைப் போட முடியுமா? (த.வே., சுங்கை சிப்புட்)

பதில்: அதில் இருப்பது ரேக் ஸ்டீரிங், முன்னால் திடமான ஆக்ஸிலும் கிடையாது. சிலிண்டரைக் கட்ட இடமே இல்லை. இந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் லேண்ட் குரூசரில் சிலிண்டர் போட்டதிலிருந்து திருப்பும்போதெல்லாம் பம்ப் ஊளையிடுகிறது. தொட்டியைத் திறந்தால் எண்ணெய் மில்க்‌ஷேக் மாதிரி நுரைத்திருக்கிறது. பம்ப் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கவா? (திருமதி வ., தோட்டக் குடியிருப்பு, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது காற்றின் சத்தம். புது சிலிண்டருக்குள் இருந்த காற்று எண்ணெயோடு கலந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, பம்ப்புக்குக் கெட்டியான எண்ணெய் கிடைக்கவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி வையுங்கள், இன்ஜின் அணைந்திருக்கட்டும், தொட்டியை நிரப்பி மூடியைத் திறந்தே வைத்து, ஒருவர் ஸ்டீரிங்கை மெதுவாகக் கோடிக்குக் கோடி இருபது தடவையாவது திருப்ப, இன்னொருவர் எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் வருவது நின்ற பிறகுதான் ஸ்டார்ட் செய்து ஐடிலில் மறுபடி திருப்ப வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை எடுக்கப் பார்த்தால் இன்னும் நுரைக்கும். சிலிண்டரின் ஹோஸ் வாய் இரண்டும் கீழே பார்த்து இருந்தால் காற்று மேலே மாட்டிக்கொள்ளும், அப்படி இருந்தால் சிலிண்டரைக் கழற்றி வாய் மேலே வருமாறு பிடித்துக்கொண்டு தண்டை உள்ளே வெளியே இழுத்து எண்ணெய் நிரப்பி மாட்டச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகும் நுரைத்தால் தொட்டியைப் பாருங்கள். ரிட்டர்ன் எண்ணெய் மேலிருந்து அருவி மாதிரி கொட்டினால் நுரை நிற்கவே நிற்காது, அந்தக் குழாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே திறக்க வேண்டும். தொட்டியிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸ் மெலிந்ததாக இருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ அந்த வழியாகவும் காற்று போகும், வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தொட்டியும் கொஞ்சம் பெரிதாக வேண்டும், ஏனென்றால் சிலிண்டர் தண்டு வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும். இவ்வளவும் சரியாக இருந்து, பெல்ட்டும் இறுக்கமாக இருந்து, அதன் பிறகும் ஊளையிட்டால் அப்போது பம்ப்பைப் பற்றிப் பேசலாம். நுரையோடு நீண்ட நாள் ஓட்டியிருந்தால் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கும்தான், ஆனால் காரணத்தைச் சரி செய்யாமல் புதிது போட்டால் அதுவும் இதே வழியில் போகும்.

கேள்வி: தோட்டத்து டிராக்டருக்கு வாங்கும் ஹைட்ராலிக் எண்ணெய் டிரம்மில் நிறைய இருக்கிறது. அதையே ஸ்டீரிங்கில் ஊற்றலாமா? கூலர் அவசியமா? (மு.க., சுங்கை சிப்புட்)

பதில்: முதல் கேள்வி கேட்ட தம்பியே இதையும் கேட்டிருக்கிறார். உங்கள் பெட்டிக்கு டொயோட்டா சொன்னது டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப், ஆட்டோ கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கும், காட்டுக்குள் தீர்ந்துவிட்டால் கூட வந்த காடியிலிருந்து கடன் வாங்கலாம். டிரம் எண்ணெயைக் கலக்காதீர்கள், அது கெட்டி, போதாததற்குத் திறந்து வைத்த டிரம்மில் தூசியும் தண்ணீரும் இருக்கும். பிரேக் எண்ணெயை அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது, ஸ்டீரிங் சீல் எல்லாம் ஊறி வீங்கிவிடும்.

கூலர் அவசியம். நம் வெயிலில், முதல் கியரில் மணிக்கணக்காக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே ஏறினால் எண்ணெய் கருகிவிடும். ஹாஃப் கட் கடையில் ஆட்டோ கியர் காரிலிருந்து கழற்றிய சின்ன எண்ணெய்க் கூலர் கிடைக்கும், அதை ரிட்டர்ன் பக்கம் மட்டும் போடுங்கள். அழுத்தம் வரும் பக்கத்தில் போட்டால் வெடிக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பது வழக்கம், ஆனால் குவாலா மு பாதையில் சகதி அப்பிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் உயரத்தில் வைத்து, திரும்பி வந்ததும் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கூலருக்கு முன்னால் ரிட்டர்ன் லைனில் காந்தம் வைத்த ஃபில்டர் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு அந்த ஃபில்டரைத் திறந்து பாருங்கள், கருப்பு மை மாதிரி லேசாக ஒட்டியிருந்தால் சாதாரணம். விரலில் குத்துகிற துகள் இருந்தால் பெட்டியை மறுபடி கழற்றிக் கழுவ வேண்டும், அதுவரை காடியை லாசா பக்கம் எடுத்துப் போக வேண்டாம்.